கம்யூனிஸ்ட் பச்சையைப் பிடுங்கிய பிறகு: ஒரு விளையின் மண்ணைத் திருப்பிய வேலை

தடிக்காரன்கோணத்தைத் தாண்டி கீரிப்பாறை போகும் வழியில் மாமாவுக்குச் சரிவான ஒரு விளை, அதாவது மரம் வைக்கும் மேட்டுநிலம், இருக்கிறது. நாற்பது சென்ட் அளவு. 2017 நவம்பர் 30-ஆம் தேதி அடித்த ஒக்கி புயலில் அதில் நின்ற ரப்பர் முக்கால்வாசி சாய்ந்துவிட்டது. மறுபடி ரப்பர் வைக்க மாமாவுக்கு மனசில்லை. சும்மா கிடந்த நிலத்தில் வெயில் விழுந்த இடமெல்லாம் கம்யூனிஸ்ட் பச்சை என்ற களைச்செடி ஏறி, ஆள் உயரத்துக்குப் புதராக நின்றது.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் இந்தச் செடியைத் தெரியாதவர்கள் கிடையாது. ரப்பர் மரத்தில் பால்வெட்டும்போது கத்தி கையில் பட்டால், இதன் இலையைக் கசக்கிச் சாறு பிழிவதுதான் முதல் வைத்தியம். தாவரவியல் பெயர் குரோமோலினா ஒடோரேட்டா. பழைய புத்தகங்களில் யூபடோரியம் என்றிருக்கும். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தா தாவரவியல் பூங்கா வழியாக இந்தியாவுக்குள் வந்தது.

இந்த விளையை நம் மலையடிவாரத்து மரங்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மாமா முடிவு செய்தார். முதலில் ஆள்விட்டுப் புதரையெல்லாம் வெட்டி, நல்ல திடமான கன்றுகளாகப் பார்த்து நாவல், வேங்கை, அயனி எல்லாம் நட்டார். தண்ணீர் குறையவில்லை, சாணி உரமும் வைத்தார். கன்றுகள் சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. நாவல் நட்ட உயரத்திலேயே நின்றது. ஒரு கன்றை மெதுவாகத் தோண்டிப் பார்த்தேன். கவரில் வளர்ந்தபோது சுருண்டிருந்த வேர் அப்படியே இருந்தது. சுற்றியுள்ள மண்ணுக்குள் நீண்டிருந்த ஒன்றிரண்டு வேர்களும் நுனி பழுப்பேறிக் கருகியிருந்தன. அதே நாளில் வெட்டிய கம்யூனிஸ்ட் பச்சையோ அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் தழைத்து இடுப்பளவு வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டும் அக்கா பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெட்டுனா அதுக்குக் கொண்டாட்டம்லா தம்பி. வேரோட எடுக்கணும். எடுத்தாலும் அந்த மண்ணு உடனே ஒண்ணுக்கும் ஒத்து வராது."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மண் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. புதருக்கு அடியில் கறுப்பாக, பொலபொலவென்று, இலைமக்கு வாசனையோடு இருந்தது. கம்யூனிஸ்ட் பச்சையின் இலையில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், சீக்கிரம் மட்கும். அதனால்தான் பல இடங்களில் பசுந்தாளாக வயலில் போடுகிறார்கள். மண்புழுவும் நிறைய இருந்தது. ஆனால் மண்புழு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து மண் தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. ரப்பர்த் தோட்டங்களில் அதிகமாகக் கிடைக்கும் பான்டோஸ்கோலெக்ஸ் என்ற புழுவே தென் அமெரிக்காவிலிருந்து வந்து பரவியது. சத்து இருக்கிறது, புழு இருக்கிறது, ஆனால் நாவலுக்கு வேர் ஓட வழியில்லை. அப்படியென்றால் கோளாறு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்க வேண்டும்.

இதைப் பற்றி மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மண் எடுத்துச் செய்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. கம்யூனிஸ்ட் பச்சையின் அடிமண்ணையும், அதிலிருந்து குறைந்தது 20 மீட்டர் தள்ளி நின்ற நாட்டுச் செடிகளின் அடிமண்ணையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். முதல் மண்ணில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையின் வித்துகள் 25 மடங்குக்கும் மேல். அந்த மண்ணைக் கிருமி நீக்கியதும் அது மற்றச் செடிகளை அமுக்கும் குணம் போய்விட்டது. வேர்க்கசிவை மட்டும் நல்ல மண்ணில் ஊற்றினாலே பூஞ்சை பெருகியது; கூடவே ரசாயனத்தை உறிஞ்சும் செயலூட்டிய கரியைச் சேர்த்தால் அந்தப் பெருக்கம் மட்டுப்பட்டது. சுருக்கமாகச் சொன்னால், இந்தச் செடி தன் வேர் வழியாக ஏதோ ரசாயனத்தைக் கசியவிட்டு, மண்ணில் ஏற்கெனவே உள்ள நோய்ப் பூஞ்சைக்குத் தீனி போடுகிறது. அந்தப் பூஞ்சை இதைவிட அக்கம்பக்கத்துச் செடிகளைத்தான் அதிகம் வாட்டுகிறது. ஃபியூசேரியம் என்றதும் நம் ஊர் வாழைக்காரர்களுக்கு வாடல் நோய் ஞாபகம் வரும். குடும்பம் அதுதான், ஆனால் வாழையைத் தாக்குவது அதிலேயே தனி வகை. இதனால் பக்கத்து வாழை போய்விடும் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

எங்கள் விளையிலும் இதுதான் நடக்கிறதா என்று நானே பார்க்க நினைத்தேன். ஆய்வகம் தேவையில்லை. நாற்றுக் கவர்களும், ஓர் ஓட்டை இட்லிக் கொப்பரையும், சிரட்டைக்கரியும் (தேங்காய் ஓட்டுக் கரி) போதும்.

இரண்டு இடத்து மண்ணை எடுத்தேன். ஒன்று புதருக்கு நேர் அடியிலிருந்து, மேல் சருகை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழம் வரை. இன்னொன்று விளைக்குக் கீழே ஓடைக்கரையில் உள்ள நாகர் காவின் (நாகர் கல் வைத்துக் கும்பிடும் மரத்தோப்பு) ஓரத்திலிருந்து. அங்கே கம்யூனிஸ்ட் பச்சை எட்டிப் பார்க்கவில்லை. இரண்டையும் தனித்தனி வாளி, தனித்தனி கரண்டி வைத்துக் கையாண்டேன். இது ரொம்ப முக்கியம். ஒரே கரண்டி என்றால் பூஞ்சையும் கூடவே மாறிவிடும். ஒவ்வொரு மண்ணையும் மூன்றாகப் பிரித்தேன். ஒரு பங்கு அப்படியே. ஒரு பங்கைத் துணியில் கட்டிக் கொப்பரையில் ஒரு மணி நேரம் ஆவியில் வைத்து, ஆறவிட்டு, மறுநாள் இன்னொரு முறை அவித்தேன். முதல் சூட்டில் தப்பிய வித்து முளைக்கத் தொடங்கும், இரண்டாவது சூட்டில் அது போய்விடும். மூன்றாவது பங்கில் சிரட்டைக்கரியைத் தூளாக்கி, பத்து கை மண்ணுக்கு அரைக் கை என்ற கணக்கில் கலந்தேன். ஆய்வில் பயன்படுத்தும் செயலூட்டிய கரி இதைவிடப் பல மடங்கு உறிஞ்சும். வீட்டுக்கரி அதன் நிழல்தான், இருந்தாலும் திசை தெரியும்.

விதை இரண்டு வகை: தண்டுக்கீரையும் காணமும் (கொள்ளு). இதை யோசித்துத்தான் எடுத்தேன். பெரும்பாலான செடிகளின் வேருக்குள் ஒரு நன்மைப் பூஞ்சை குடியிருக்கும். வேர் உட்பூசணம் என்பார்கள், கடையில் 'வாம்' என்று கேட்டால் தருவார்கள். மண்ணில் வேர் எட்டாத இடத்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அது இழுத்துத் தரும், பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். கீரைக் குடும்பமும் கடுகுக் குடும்பமும் பெரும்பாலும் இந்தக் கூட்டு இல்லாமலே வாழ்பவை. காணத்துக்கோ இந்தப் பூஞ்சையும் வேண்டும், வேர்முடிச்சில் தழைச்சத்து பிடிக்கும் பாக்டீரியாவும் வேண்டும். ஆகவே கீரை வாடினால் நோய்ப் பூஞ்சையோ ரசாயனமோ காரணம். கீரை நன்றாக இருந்து காணம் மட்டும் வாடினால் துணை உயிர்கள் குறைந்திருக்கின்றன என்று அர்த்தம்.

முடிவு இரண்டு பக்கமும் வந்தது. புதர் மண்ணில் கீரை முளைத்தது, ஆனால் பாதிக்கு மேல் இரண்டிலைப் பருவத்திலேயே தண்டு அடி இளைத்துச் சாய்ந்தது. அதே மண்ணை அவித்ததில் கீரை தளதளவென்று வந்தது. இதை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லக் கூடாது. மண்ணை அவித்தால் செத்த நுண்ணுயிர்களிலிருந்து சத்து வெளியாகும், அதனாலும் செடி செழிக்கும். அதற்காகத்தான் காவு மண்ணையும் அவித்து வைத்தேன். காவு மண்ணில் அவித்ததற்கும் அவிக்காததற்கும் கீரையில் வித்தியாசம் கொஞ்சம்தான். புதர் மண்ணில் அந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். கரி கலந்த புதர் மண் நடுவில் நின்றது. சாய்ந்த நாற்று குறைவு, ஆனால் காவு மண் அளவுக்கு வரவில்லை.

காணத்தில் பார்க்க வேண்டியது மேலே இல்லை, கீழே. பூ வருவதற்கு முன்னால் கவரைக் கிழித்து, வேரை வாளித் தண்ணீரில் அலசினேன். காவு மண்ணில் வளர்ந்ததில் ஆணிவேரை ஒட்டியே கடுகளவு, மிளகளவு முடிச்சுகள் கொத்தாக இருந்தன. ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு, கிட்டத்தட்ட ரத்தச்சாயல். அந்த நிறம் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். புதர் மண்ணில் வளர்ந்ததில் முடிச்சுகள் பக்கவேர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, குருணையளவில் இருந்தன. கீறினால் பலவற்றில் உள்ளே வெளிர்ப்பச்சை. செடி முடிச்சைக் கட்டியிருக்கிறது, ஆனால் அதில் பாதிக்கு வேலை நடக்கவில்லை.

கல்லூரியில் பாடம் எடுக்கும் நண்பர் ஒருவர் வேரின் உள்ளேயும் பார்த்துவிடலாம் என்றார். மாமா நட்ட நாவலின் மெல்லிய வேரையும் காவில் தானாக முளைத்த நாவலின் வேரையும் கொண்டுபோனேன். வேரைப் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி நிறத்தை எடுத்தார். இது தோலைப் பொசுக்கும், கையுறை இல்லாமல் வீட்டில் செய்யாதீர்கள். கழுவிவிட்டு, வினிகரில் ஐந்து சதவீதம் பேனா மை கலந்து மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, மறுபடி வினிகர்த் துளி விட்ட தண்ணீரில் ஊறவைத்தார். அவ்வளவுதான் சாயம். வேர் செல்கள் வெளிறி நிற்க, பூஞ்சை மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். காவு நாவலின் வேருக்குள் நீல இழைகள் நெடுக ஓடி, இடையிடையே சின்ன மரம் போலக் கிளைத்திருந்தன. சத்துப் பரிமாற்றம் நடக்கும் இடம் அந்தக் கிளைப்புதான். விளை நாவலின் வேரில் இழையைத் தேட வேண்டியிருந்தது. இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கம்யூனிஸ்ட் பச்சையும் இந்த நன்மைப் பூஞ்சையோடு கூட்டு வைக்கும் செடிதான். ஆகவே மண்ணில் பூஞ்சையே இல்லை என்று பொருளல்ல. அந்தச் செடிக்குப் பிடித்தவை தங்கி, மற்றவை ஒடுங்கியிருக்கலாம் என்பது என் ஊகம்.

சரி, இனி விளையில் செய்த வேலை.

பிடுங்குவதற்குச் சரியான நேரம் மழை பெய்து மண் இளகிய பிறகு, பூ வருவதற்கு முன். நம் பக்கம் கார்த்திகை, மார்கழியில் பூக்கத் தொடங்கிவிடும். மாசி, பங்குனியில் பஞ்சோடு விதை பறக்கும். இடவப்பாதி மழையில் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) மண் நன்றாக நனைந்ததும் தொடங்கினோம். வெட்டுக்கத்தியால் முழங்கால் உயரத்தில் வெட்டி, மிச்சமுள்ள தண்டைக் கைப்பிடியாகப் பிடித்து, கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினால் வேர்க்கட்டை முழுசாக வரும். தழைவது தண்டும் வேரும் சேரும் அந்தக் கட்டையிலிருந்துதான், அதனால் அது மண்ணில் தங்கவே கூடாது. எடுத்த கட்டைகளைப் பாறைமேல் வேர் மேலாகக் கவிழ்த்துக் காயவிட்டோம். பூக்காத தழையை மட்டும் மூடாக்குக்கு வைத்துக்கொண்டோம். வேலியோரத்தில் உண்ணிச்செடியும் (லண்டானா) இருந்தது. அதற்கும் இதே முறைதான்: மண்ணுக்குள் மூன்று நாலு விரல் இறங்கி, கட்டைக்குக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட வேண்டும்.

சிலர் தீ வைக்கலாம் என்றார்கள். கூடவே கூடாது. காய்ந்த கம்யூனிஸ்ட் பச்சை சடசடவென்று பற்றும், கட்டை பிழைத்துக்கொள்ளும், அடுத்த மழையில் அதுதான் முதலில் எழும். நெருப்பில் போவது மேல்மண்ணில் மிச்சமிருக்கும் நல்ல உயிர்கள்தான்.

முழு விளையையும் ஒரேயடியாக வெறுமையாக்கவில்லை. சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக எடுத்தோம், ஒரு பட்டை விட்டு ஒரு பட்டை. வெறும் சரிவில் ஆடிச் சாரல் அடித்தால் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். அதோடு வெளிச்சம் பட்டால்தான் இதன் விதை துடிப்பாக முளைக்கும். ஒரே நேரத்தில் எல்லா இடத்தையும் திறந்துவிட்டால் களையெடுக்க ஆளே பத்தாது. எடுத்த பட்டையின் கீழ்விளிம்பில் கதம்பையை (தேங்காயின் நார்மட்டை) வரிசையாகக் கவிழ்த்து அடுக்கினோம். அது மண்ணையும் பிடித்தது, ஈரத்தையும் பிடித்தது.

அப்புறம்தான் மண் கொண்டுவரும் வேலை. நெதர்லாந்தில் கைவிட்ட விளைநிலத்தில் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் வேற்றிடத்து மண்ணைத் தூவியே அங்கே எந்தத் தாவரக் கூட்டம் எழ வேண்டும் என்பதைத் திருப்பியிருக்கிறார்கள். புல்வெளி மண்ணைத் தூவிய இடம் புல்வெளிப் பக்கமும், புதர்க்காட்டு மண்ணைத் தூவிய இடம் அந்தப் பக்கமும் நகர்ந்தன. நாற்பது சென்டுக்குத் தூவ காவில் மண் எடுப்பது அநியாயம். கன்றுக் குழிக்கு மட்டும் வைப்பதென்று முடிவு செய்தோம். காவுக்குரிய குடும்பத்துப் பாட்டியிடம் போய்க் கேட்டேன். "எடுத்துக்க மக்ளே. ஆனா கல்லு நிக்கப்பட்ட எடத்துல கை வைக்கப்பிடாது கேட்டியா. ஓரத்துல எடு, எடுத்த எடத்துல சருகைப் போட்டு மூடு." அவர் சொன்னது மண் உயிரியல் படித்தவர் சொல்வதும்தான். ஓரிடத்தில் தோண்டாமல் பல மரத்தடியில் கொஞ்சம் கொஞ்சமாக, மெல்லிய வேர்த்துணுக்குகளோடு எடுத்து, ஈரச்சாக்கில் நிழலிலேயே கொண்டுவந்து அன்றைக்கே குழியில் சேர்த்தோம். ஒரு கன்றுக்கு ஒரு சிரட்டை மண், வேர்ப்பந்தைத் தொட்டுக்கொண்டு. குழி மண்ணில் ஒரு பிடி சிரட்டைக்கரித் தூள். கரி அதற்கு மேல் வேண்டாம். வேருக்கும் நல்ல பூஞ்சைக்கும் நடுவே போகும் ரசாயனத் தூதையும் அது உறிஞ்சக்கூடியது.

இதைப் படித்துவிட்டு யாராவது காட்டுக்குள் கூடையோடு போக வேண்டாம். மேலே இருப்பது 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். அங்கிருந்து மண் எடுக்கக் கூடாது. காவு இல்லாத இடத்தில் பழைய நாட்டு மரம் நிற்கும் எந்த வீட்டு விளையும் உதவும். ஒரே நிபந்தனை, 20 மீட்டர் சுற்றில் கம்யூனிஸ்ட் பச்சை இருக்கக் கூடாது. கோங்கு மாதிரி மரம் வைக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் வேர்க்கூட்டு வேறு ரகம், வேரை வெளியே உறையிட்டு மூடும் பூஞ்சை. அதற்கு வளர்ந்த கோங்கு மரத்தடி மண்தான் வேண்டும்.

மரக்கன்றுக்கு முன்னால் முன்னோடிகளைப் போட்டோம். சரிவு முழுக்கக் காணம் விதைத்தோம். நல்ல பூஞ்சைக்கு உடனே ஒரு வேர் கிடைக்க வேண்டும். வெறும் மண்ணில் அது காத்திருந்து காத்திருந்து மெலிந்துபோகும். கடுகு, முள்ளங்கி வகையைத் தவிர்த்தோம், காரணம் மேலே சொன்னதுதான். இடையே வட்டக்கண்ணி வைத்தோம். வேகமாக வளர்ந்து பெரிய இலையால் நிழல் தரும் மரம் அது. கம்யூனிஸ்ட் பச்சைக்கு நிழல் ஆகாது. கன்று பிழைப்பதற்கு எவ்வளவு மண் வேலை செய்தாலும், இந்தச் செடியைக் கடைசியில் அடக்குவது நிழல்தான்.

நமக்கு மழைக்காலம் இரண்டு என்பது இதில் தொல்லையும் வசதியும். இடவப்பாதியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை புது நாற்று கூட்டமாக முளைக்கும். நாலிலை விட்டதும் இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் சத்தமில்லாமல் வரும். விட்டுவிட்டால் மறுபடி கடப்பாரை. மண்ணில் கிடக்கும் விதையில் பெரும்பகுதி சீக்கிரமே முளைத்துத் தீர்ந்துவிடும், அதனால் முதல் இரண்டு வருடம் விடாமல் எடுப்பவருக்குப் பலன் தெரியும். எங்களுக்கு இரண்டாவது ஐப்பசியிலேயே நாற்றுக்கூட்டம் கண்ணுக்குத் தெரிந்து இளைத்திருந்தது.

காவு மண் வைத்த நாவல்கள் அடுத்த மழைக்குள் புதுக் கொழுந்து விட்டு முழங்கால் தாண்டின. மாமா முன்பு நட்டு நின்றுபோயிருந்த கன்றுகளுக்கும் பக்கத்தில் கம்பியால் துளைபோட்டு அந்த மண்ணை இறக்கினோம். அவற்றில் பாதி தேறியது. அயனி பரவாயில்லை. வேங்கை இன்னும் மந்தம். அதற்கு மண் உயிர் மட்டும் காரணமா, ரப்பர் நின்ற நிலத்தின் புளிப்பும் சேர்ந்திருக்கிறதா என்று அடுத்து கவரில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

இப்போதைய கவலை வடக்கு எல்லை. பக்கத்துத் தோட்டத்தில் ரப்பருக்கு அடியில் மூடுபயிராகப் போட்ட மியூக்குனா கொடி எல்லை தாண்டி எங்கள் அயனியில் ஏறத் தொடங்கியிருக்கிறது. அதுவும் தழைச்சத்து பிடிக்கும் பயறு வகை. அதன் சருகு விழுந்து மண்ணில் தழைச்சத்து கூடினால் அதில் லாபம் அடையப்போவது வேகமாக வளரும் களைகள்தான். தோட்டக்காரர் அண்ணாச்சியிடம் பேசினேன். எல்லையில் ஆறடி அகலத்துக்குக் கொடியை வெட்டி ஒதுக்க ஒத்துக்கொண்டார். அவர் பக்கம் வேலியோரம் நிற்கும் கம்யூனிஸ்ட் பச்சையைப் பூக்கும் முன்பே நாங்களே போய்ப் பிடுங்கிக்கொள்ளவும் சம்மதித்தார். ஐப்பசி மழை நின்றதும் அங்கேதான் வேலை.